23 சொற்கள், 6 இடம்: பள்ளியை விட்டுப் போகும் பிள்ளையிடம் என்ன இருக்க வேண்டும்?

கரும்பலகை (இழையைத் தொடங்கியவர்)

வணக்கம். மேல்நிலை வகுப்புகளுக்கு வேதியியல் எடுக்கிறேன். எங்கள் பள்ளி நிர்வாகம் ஒரு குழு போட்டது. நம்மிடம் படித்து முடித்து வெளியே போகும் மாணவர் எப்படிப்பட்டவராக இருக்க வேண்டும் என்று எழுதித் தர வேண்டுமாம். எனக்குக் கூட்டத்தில் வாய் சும்மா இருக்காது, அதனால் என்னையும் சேர்த்துவிட்டார்கள்.

மூன்று முறை கூடினோம். வெள்ளைப் பலகையில் 23 சொற்கள் சேர்ந்துவிட்டன. நேர்மை, பரிவு, தன்னம்பிக்கை, தலைமைப் பண்பு, விடாமுயற்சி, குழுவாக வேலை செய்தல், பொறுப்புணர்வு, படைப்பாற்றல் என்று நீள்கிறது. சேர்க்க எல்லோரும் வருகிறார்கள், அடிக்க ஒருவரும் வருவதில்லை. "பரிவு வேண்டாம்" என்று எந்த மனிதர் எழுந்து சொல்வார்?

வெள்ளிக்கிழமைக்குள் ஆறாகச் சுருக்க வேண்டும். வாசலில் மாட்டப்போகும் பலகையில் ஆறு கட்டம்தான் இருக்கிறதாம். அது கூடப் பரவாயில்லை. அடுத்த ஆண்டிலிருந்து இந்த ஆறுக்கும் முன்னேற்ற அறிக்கையில் கிரேடு போட வேண்டும் என்கிறார்கள். பரிவு: பி பிளஸ்.

நீங்களாக இருந்தால் எந்த ஆறை வைப்பீர்கள்? அல்லது இந்த வேலையே வீண் என்றால் அதையும் சொல்லுங்கள்.

நேர்காணல்

பள்ளி கல்லூரி முடித்து வரும் பிள்ளைகளை 14 ஆண்டுகளாக வேலைக்கு எடுத்துக்கொண்டிருக்கிறேன். உங்கள் பட்டியலில் இல்லாத மூன்றைச் சொல்கிறேன். சொன்ன நாளுக்கு முடிப்பது. முடியாது என்று தெரிந்தவுடன், கெடு வரும் வரை காத்திருக்காமல் வாய் திறப்பது. தெரியாததைத் தெரியாது என்று சொல்வது.

மூன்றாவதுதான் அரிது. நேர்காணலில் பதில் தெரிந்திருக்க வாய்ப்பே இல்லாத ஒரு கேள்வியை வேண்டுமென்றே கேட்பேன். பெரும்பாலானோர் ஏதோ ஒன்றைச் சுற்றி வளைத்துப் பேசுவார்கள். பன்னிரண்டு ஆண்டு பள்ளியில் கற்றது அதுதான், விடைத்தாளில் எதையாவது எழுதி வை, ஒன்றிரண்டு மதிப்பெண்ணாவது விழும் என்று. ஒரு பையன் மட்டும் கொஞ்சம் யோசித்துவிட்டு, "இது எனக்குத் தெரியாது சார். தேட வேண்டுமானால் இங்கேயிருந்து தொடங்குவேன்" என்றான். அடுத்த கேள்வியே கேட்கவில்லை, எடுத்துக்கொண்டேன்.

வெற்று விடைக்குப் பக்கத்தில் "தெரியவில்லை" என்று எழுதும் பிள்ளையை எந்தப் பள்ளியாவது மதித்திருக்கிறதா?

கணக்குப்பிணக்கு

வீண் வேலை. கேட்டதால் சொல்கிறேன்.

பள்ளிக்கூடம் பாடம் நடத்தும் இடம். அதையே ஒழுங்காகச் செய்ய நேரம் போதவில்லை, இதில் குணம் வார்க்கும் பட்டறை வேறு. "விமர்சனச் சிந்தனை" உங்கள் 23-ல் நிச்சயம் இருக்கும். எதைப் பற்றிய சிந்தனை? பின்னம் தெரியாதவன் வட்டிக் கணக்கில் ஏமாற்று இருக்கிறதா என்று எப்படிச் சிந்திப்பான்? விஷயம் தெரியாதவனின் விமர்சனம் வெறும் சந்தேகம்.

இன்னொன்று. நேர்மையைத் தனியாக நடத்த வேண்டியதில்லை. ஒரு தேற்றத்தை நிறுவச் சொல்லுங்கள். நடுவில் ஒரு படியைத் தாண்டிவிட்டு "எனவே" என்று போட்டால் அங்கேயே மாட்டிக்கொள்வான். காலைக் கூட்டத்தில் நேர்மை பற்றி எத்தனை உரை கேட்டாலும் இந்த அனுபவம் கிடைக்காது. பாடத்தைச் சரியாக நடத்தினால் குணம் பின்னாலேயே வரும்.

நூலகவாசி

கணக்கு சாரோடு பாதி ஒத்துப்போகிறேன். உரை கேட்டு நேர்மை வராது என்பதற்குப் பழைய ஆதாரமே உண்டு.

1920-களில் அமெரிக்காவில் ஹார்ட்ஷார்ன், மே என்ற இருவர் ஏறக்குறைய 11,000 பிள்ளைகளைச் சோதித்தார்கள். முடிவுகள் 1928 முதல் 1930 வரை மூன்று தொகுதிகளாக வந்தன. ஒரு சோதனையைப் பாருங்கள். தேர்வு எழுத வைத்து, தாள்களை வாங்கி, பிள்ளைகளுக்குத் தெரியாமல் நகல் எடுத்துக்கொள்வார்கள். பிறகு தாளைத் திருப்பிக் கொடுத்து, விடைக் குறிப்பையும் கொடுத்து, நீங்களே திருத்துங்கள் என்பார்கள். யார் விடையை மாற்றினார்கள் என்று நகலோடு வைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும்.

அவர்கள் கண்டது என்னவென்றால், தேர்வில் ஏமாற்றிய பிள்ளை விளையாட்டில் ஏமாற்றும் என்று சொல்ல முடியவில்லை. விளையாட்டில் யோக்கியமாக இருந்தது வீட்டுப்பாடத்தில் பொய் சொன்னது. 'நேர்மையான பிள்ளை', 'நேர்மையற்ற பிள்ளை' என்று இரண்டு கூடைகள் இல்லை. நன்னெறி வகுப்புக்குப் போனவர்கள் பெரிதாக வேறுபடவும் இல்லை. அதே தரவைப் பிற்காலத்தில் மறுபடி அலசியவர்கள், ஓரளவு பொதுவான இழையும் ஓடுகிறது என்றார்கள். ஆனாலும் சூழ்நிலையின் பங்கு பெரியது. ஒரே வகுப்பில் இருப்பவர்கள் இந்த விஷயத்தில் ஒருவரைப் போல் ஒருவர் இருந்தார்கள் என்பதும் அதில் உண்டு.

எனக்குப் படுவது: பட்டியல் போட வேண்டியது பிள்ளையின் குணத்தை இல்லை. எந்தச் சூழ்நிலையை நாம் ஏற்பாடு செய்கிறோம் என்பதைத்தான்.

இருபிள்ளைத்தாய்

நான் ஆசிரியர் இல்லை, அம்மா. என் மூத்தவளைப் பற்றிச் சொல்கிறேன்.

அவள் அதிகம் பேச மாட்டாள். மூன்று ஆண்டுகளாக அறிக்கையில் ஒரே வரி: "வகுப்பில் இன்னும் கலந்து பேச வேண்டும்." தன்னம்பிக்கைக்கு எப்போதும் சி. அவளுடைய வகுப்பில் ஒரு பிள்ளை காது சரியாகக் கேட்காமல் தடுமாறுகிறாள். ஆசிரியர் பலகை பக்கம் திரும்பிக்கொண்டு பேசினால் அந்தப் பிள்ளைக்கு உதட்டைப் பார்க்க முடியாது. அந்த நேரமெல்லாம் என் மகள் நோட்டின் ஓரத்தில் ஆசிரியர் சொல்வதை எழுதி, நோட்டைச் சற்றே அந்தப் பக்கம் தள்ளி வைப்பாள். ஒரு ஆண்டு முழுக்க. எனக்கே அது எப்படித் தெரியும் என்றால், நோட்டின் ஓரமெல்லாம் ஏன் இப்படி நெருக்கி எழுதியிருக்கிறாய் என்று திட்டினேன். அப்போதுதான் சொன்னாள்.

இதற்கு உங்கள் ஆறு கட்டத்தில் எந்தக் கட்டம்? "தலைமைப் பண்பு" என்று பலகையில் எழுதினால் மேடையில் நிற்பவனுக்குத்தான் அது போகும். தயவுசெய்து கிரேடு மட்டும் வேண்டாம்.

நேர்காணல்

அக்கா, படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். ஆனாலும் ஒன்று சொல்ல வேண்டும். பேச்சு தேவைதான். எங்கள் இடத்தில் நன்றாக வேலை செய்து, அதைச் சொல்லத் தெரியாமல், இன்னொருவர் பேர் வாங்கிப் போனதைப் பார்த்தவன் நான். கூச்சம் குற்றம் இல்லை. ஆனால் அதைத் தாண்ட ஒரு பழக்கமும் தராமல் அனுப்புவது அந்தப் பிள்ளைக்குச் செய்யும் உதவியும் இல்லை.

இருபிள்ளைத்தாய்

பழக்கம் தரட்டும், வேண்டாம் என்று சொல்லவில்லை. சி போடுவது பழக்கம் தருவதாகுமா?

மூன்றாம்பெஞ்ச்

நான் பள்ளியை முடித்து ஐந்து ஆண்டு ஆகிறது. எங்கள் பள்ளி வாசலிலும் பலகை இருந்தது. அதில் என்ன எழுதியிருந்தது என்று எவ்வளவு யோசித்தும் நினைவுக்கு வரவில்லை. நீல நிறம் என்பது மட்டும் ஞாபகம்.

நினைவிருப்பது ஒரு சாவி. பதினொன்றில் ஆய்வகத்தின் கண்ணாடிச் சாமான் அலமாரிச் சாவியை ஆசிரியர் என்னிடம் கொடுத்தார். நான் ஒன்றும் முதல் மாணவன் இல்லை, அந்த வாரம் தாமதமாக வந்ததற்காக வெளியே நிற்க வைக்கப்பட்டவன். "எண்ணி எடு, எண்ணி வை, உடைந்தால் நோட்டில் எழுது" என்றார். அவ்வளவுதான். அறிவுரை எதுவும் இல்லை.

இரண்டாவது மாதம் ஒரு பியூரெட்டைக் கழுவும்போது குழாயில் இடித்து முனை போய்விட்டது. யாரும் பார்க்கவில்லை. துண்டைத் தாளில் சுற்றிக் குப்பையில் போட்டிருக்கலாம். ஆனால் உடைசல் நோட்டைத் திறந்தால் இரண்டு மாதமாக எல்லா வரியும் என் கையெழுத்து. யார் எதை உடைத்தார்கள், என்ன தேதி என்று நானே மற்றவர்கள் பெயரை எழுதியிருக்கிறேன். என்னுடையதை மட்டும் விட முடியவில்லை. எழுதினேன். ஆசிரியர் பார்த்துவிட்டு, "இன்னொன்று மேல் தட்டில் இருக்கிறது" என்றார்.

நூலகவாசி சொல்லும் சூழ்நிலை என்பது இதுதானோ என்று தோன்றியது, அதனால் எழுதினேன். மற்றபடி அதே ஆண்டு 'சிறந்த குழு மனப்பான்மை' பரிசும் வாங்கினேன். கொடுத்தவருக்கு என்னைப் பிடிக்கும், வேறு காரணம் எதுவும் இல்லை.

ஓய்வூதியன்

முப்பத்தொரு ஆண்டு ஆசிரியர், கடைசி ஆறு ஆண்டு தலைமையாசிரியர். கிரேடு விஷயம் வந்ததால் உள்ளே நுழைகிறேன்.

தம்பி கரும்பலகை, அந்தக் கட்டங்கள் எப்படி நிரம்பும் என்று தெரியுமா? நானும் நிரப்பியிருக்கிறேன். மறுநாள் காலை அறிக்கை கொடுக்க வேண்டும். இரவு பத்து மணிக்கு 42 பிள்ளைகள், ஆளுக்கு எட்டுக் கட்டம். முதல் பத்துப் பேருக்கு முகத்தை நினைத்துப் பார்த்துப் போடுவோம். அப்புறம் கணக்கில் நல்ல மதிப்பெண் எடுத்தவனுக்குப் பொறுப்புணர்வு ஏ, ஒத்துழைப்பும் ஏ. கடைசி வரிசைக்கு வரும்போது ஏ, பி, பி, ஏ என்று கை தானாக ஓடும். ஒருமுறை அந்தப் பருவம் முழுக்க வராத பிள்ளைக்கு 'கூட்டு முயற்சி: ஏ' போட்டிருக்கிறேன். அவனுடைய அப்பா வந்து சிரித்தார், நல்ல மனிதர்.

நான் கெட்ட ஆசிரியன் இல்லை. அந்தப் படிவம் கேட்ட கேள்விக்கு உண்மையான விடை என்னிடம் இல்லை, அவ்வளவுதான். நேர்காணல் சார் சொன்ன மாதிரி "தெரியவில்லை" என்று எழுத அதில் கட்டமும் இல்லை.

நூலகவாசி

அய்யா சொன்னதற்கு மேலே ஒரு சிக்கல். ஆசிரியர் போடாமல் பிள்ளையே தனக்குத் தானே போட்டுக்கொண்டாலும் கோணலாகத்தான் வரும்.

விடாமுயற்சி பற்றிய ஆய்வால் பேர் பெற்றவர் ஏஞ்சலா டக்வொர்த். அவரும் வேறு சிலரும் பாஸ்டன் நகரப் பள்ளிகளில் கேள்வித்தாள் கொடுத்துப் பார்த்தார்கள். கண்டிப்பான, நிறைய உழைக்க வைக்கும் பள்ளிகளில் படித்த பிள்ளைகளின் தேர்வு மதிப்பெண் நன்றாக ஏறியிருந்தது. ஆனால் 'நீ எவ்வளவு உழைப்பாளி' என்ற கேள்விக்கு அவர்கள் தங்களுக்குக் குறைவாகவே போட்டுக்கொண்டார்கள். காரணம் எளிது. பக்கத்தில் இருப்பவன் இரவு பகலாகப் படிக்கும் இடத்தில் நான் சோம்பேறி என்றுதான் தோன்றும். உழைப்பு கூடக் கூட அளவுகோலும் நீளுகிறது.

கலிஃபோர்னியாவில் சில மாவட்டங்கள் இப்படிப்பட்ட மதிப்பீட்டைப் பள்ளிகளைத் தரம் பார்க்கப் பயன்படுத்தத் தொடங்கியபோது, 2016-ல் டக்வொர்த்தே அந்த முயற்சியிலிருந்து விலகிக்கொண்டார். விடாமுயற்சியை வைத்துப் பள்ளிக்கு மதிப்பெண் போடாதீர்கள் என்று வெளிப்படையாக எழுதவும் செய்தார். குணத்தை அளக்கும் அளவுகோலைச் செய்தவரே சொல்வதை உங்கள் நிர்வாகத்திடம் காட்டலாம்.

கணக்குப்பிணக்கு

அப்படியானால் நான் சொன்னதுதானே சரி? அளக்கவும் முடியாது, உரையாற்றியும் வராது. பாடத்தை நடத்துவோம்.

நூலகவாசி

இல்லை சார், அந்தப் பாதியில்தான் நான் பிரிகிறேன். அளக்க முடியாது என்பதால் ஆசிரியர் அதைப் பாதிப்பதில்லை என்று ஆகாது. கிராபோ ஜாக்சன் என்ற பொருளியலாளர் வட கரோலினாவின் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளின் பதிவுகளைப் பார்த்தார், 2018-ல் கட்டுரை வந்தது. அவர் கேள்வித்தாளே கொடுக்கவில்லை. வருகை, இடைநீக்கம், அடுத்த வகுப்புக்கு உரிய காலத்தில் போனது, இப்படி ஏற்கெனவே அலுவலகத்தில் கிடக்கும் தகவல்தான். சில ஆசிரியர்கள் தேர்வு மதிப்பெண்ணை ஏற்றுகிறார்கள். சிலரிடம் படித்த பிள்ளைகள் ஒழுங்காகப் பள்ளிக்கு வருகிறார்கள், வம்பில் மாட்டுவதில்லை. இரண்டும் பெரும்பாலும் வேறு வேறு ஆசிரியர்கள்! பள்ளியை முழுதாக முடிப்பார்களா என்பதைச் சொல்ல இரண்டாவது தகவல்தான் அதிகம் உதவியது.

இந்தக் குணங்களைத் தனி வகுப்பாக நடத்தும் திட்டங்களைப் பற்றியும் ஒரே மாதிரி சொல்ல முடியாது. 213 திட்டங்களைச் சேர்த்துப் பார்த்த 2011-ம் ஆண்டுத் தொகுப்பாய்வில் நல்ல பலன் தெரிந்தது, படிப்பிலும் கூட. ஆனால் அமெரிக்க அரசே ஏழு திட்டங்களை 84 பள்ளிகளில் வைத்துச் சோதித்து 2010-ல் வெளியிட்ட அறிக்கையில் மொத்தத்தில் மாற்றமே இல்லை. பிரிட்டனில் 85 பள்ளிகளில், 8,000-க்கும் மேற்பட்ட பிள்ளைகளுக்கு மனக்கவனப் பயிற்சி (மூச்சைக் கவனித்து மனதை இந்த நொடியில் நிறுத்தும் 'மைண்ட்ஃபுல்னெஸ்') கொடுத்துப் பார்த்தார்கள். 2022-ல் வந்த முடிவு: வழக்கமான வகுப்பைவிட மேலாக ஒன்றும் இல்லை. சும்மா ஒரு பாடத்திட்டத்தை வாங்கி வந்து வாரம் ஒரு பீரியட் ஓட்டினால் போதும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

மட்டுறுத்துநர்

ஆசிரியர் சம்பளம் பற்றி வந்த ஒன்பது பதிவுகளை வேறு இழைக்கு மாற்றியிருக்கிறேன். அங்கே தொடருங்கள்.

கரும்பலகை

இவ்வளவு வரும் என்று எதிர்பார்க்கவில்லை. நடந்த ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், குழுவில் உட்கார்ந்திருக்கும்போதெல்லாம் அதுதான் மண்டைக்குள் ஓடுகிறது.

போன ஆண்டு விடைத்தாளைத் திருப்பிக் கொடுத்தேன். ஒரு பெண் எழுந்து வந்து, "சார், கூட்டலில் நாலு அதிகமாகப் போட்டிருக்கிறீர்கள்" என்றாள். வாங்கிப் பார்த்தேன், உண்மைதான். வகுப்பு முழுக்க என் பேனாவைப் பார்க்கிறது. நாலைக் குறைத்தேன், கையெழுத்துப் போட்டேன், "தேங்க்ஸ்" என்றேன். அந்த நாலு போனதில் அவளுக்குக் கிரேடு ஒரு படி இறங்கியது.

அடுத்த தேர்வில் யாருமே கூட்டல் தப்பு என்று வரவில்லை. குறைவாக இருக்கிறது என்று வந்தார்கள், அதிகமாக இருக்கிறது என்று வரவில்லை. நான் என்ன செய்திருக்க வேண்டும்? நாலை விட்டுவிட்டால் மதிப்பெண்ணுக்கு அர்த்தம் இல்லை. குறைத்தால் நேர்மைக்கு விலை நாலு மதிப்பெண் என்று 40 பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தியதாகிறது. நேர்மை 23-ல் முதல் சொல்லாக இருக்கிறது, அதை எழுதியவனே நான்தான்.

ஓய்வூதியன்

குறைத்தது சரி. ஆனால் குறைத்த கையோடு அடுத்த வேலையைச் செய்யவில்லை. "எல்லோரும் உங்கள் தாளை எடுங்கள், கூட்டல் சரியா என்று இப்போதே பாருங்கள்" என்று சொல்லியிருக்கலாம். அவள் செய்தது தியாகம் என்ற பேரிலிருந்து வழக்கம் என்ற பேருக்கு மாறியிருக்கும். தியாகம் செய்ய யாருக்கும் தைரியம் வராது தம்பி. வழக்கத்தை எல்லோரும் செய்வார்கள்.

கணக்குப்பிணக்கு

அய்யா சொன்னதை நாளையிலிருந்து செய்யப்போகிறேன். (கொள்கையை மாற்றிக்கொள்ளவில்லை, இது கூட்டல் பயிற்சி.)

சரி, ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். குழு வேலை என்றாலே எனக்கு அலர்ஜி. நாலு பேருக்கு ஒரு வேலை கொடுத்தால் ஒருத்தி செய்வாள், மூன்று பேர் பெயர் எழுதுவார்கள். அப்புறம் 'ஒத்துழைப்பு' என்று நாலு பேருக்கும் ஏ. ஆனால் எலியட் ஆரன்சன் என்ற உளவியலாளர் 1971-ல் அமெரிக்காவின் ஆஸ்டின் நகரப் பள்ளிகளில் செய்த ஏற்பாட்டை ஒரு முறை என் வகுப்பில் போட்டுப் பார்த்தேன். பாடத்தைத் துண்டுகளாகப் பிரித்து ஆளுக்கு ஒரு துண்டு. என் துண்டை நான் விளக்காவிட்டால் மற்றவர்களுக்கு அந்தப் பகுதி தெரியவே வராது, தேர்வு மட்டும் தனித்தனி. கருப்பின, வெள்ளையின, மெக்சிக்க வம்சாவளிப் பிள்ளைகள் முதல் முறையாக ஒரே வகுப்பில் உட்கார வைக்கப்பட்டு அடிதடி நடந்த நேரத்தில் உருவான முறை அது.

என் வகுப்பில் நடந்தது: ஒருவன் திக்கித் திக்கிப் பேசுவான். வழக்கமாக அவனைப் பார்த்துச் சிரிக்கும் கூட்டம் அன்று அவனிடம், "மெதுவாகச் சொல்லு, அந்த இரண்டாவது படி எப்படி வந்தது?" என்று கேட்டது. பரிவினால் இல்லை, பதினைந்து நிமிடத்தில் தேர்வு இருந்தது. எதனால் என்றாலும் கேட்டார்கள்.

இருபிள்ளைத்தாய்

"பரிவினால் இல்லை" என்று உங்களுக்கு எப்படித் தெரியும் சார்? அப்படித்தான் தொடங்கும் போல.

நேர்காணல்

வெள்ளிக்கிழமை தாண்டிவிட்டது. கரும்பலகை, என்ன ஆயிற்று?

கரும்பலகை

மன்னிக்கவும், தேர்வுத் தாள் திருத்தும் வாரம்.

குழுவில் இந்த இழையில் இருந்து நிறையப் பேசினேன். மற்ற நாடுகள் எப்படிச் செய்தன என்றும் ஒருவர் கொண்டு வந்தார். சிங்கப்பூர் நாலு வரியில் முடித்திருக்கிறது: தன்னம்பிக்கையுள்ள மனிதர், தானாகக் கற்பவர், பங்களிப்பவர், நாட்டின் மேல் அக்கறையுள்ள குடிமகன். பல நாட்டுப் பள்ளிகளில் நடக்கும் சர்வதேச பக்கலரேட் (ஐ.பி.) பாடத்திட்டம் பத்துச் சொற்கள் வைத்திருக்கிறது, துணிந்து இறங்குபவர், தன்னைத் திரும்பிப் பார்ப்பவர் என்றெல்லாம். யுனெஸ்கோவுக்காக ஜாக் டெலார் தலைமையிலான குழு 1996-ல் கொடுத்த அறிக்கையில் நாலு தூண்கள்: அறியக் கற்றல், செய்யக் கற்றல், சேர்ந்து வாழக் கற்றல், தானாக இருக்கக் கற்றல். எல்லாம் படிக்க அழகு. எங்களுக்குள் சண்டை மட்டும் தீரவில்லை.

கடைசியில் ஏழில் நின்றது. ஆறாக்க முடியவில்லை, பலகை செய்பவரிடம் கட்டத்தைக் கூட்டச் சொல்லியிருக்கிறார்கள். தலைமைப் பண்பு போய்விட்டது, அக்கா. 'தெரியாததைத் தெரியாது என்று சொல்வது' அப்படியே ஒரு முழு வரியாக உள்ளே வந்துவிட்டது, பலகையில் அதுதான் இடத்தை அடைக்கிறது. கிரேடை ஒரு ஆண்டு தள்ளி வைத்திருக்கிறார்கள். பதிலாக, ஒவ்வொரு ஆசிரியரும் பருவத்துக்கு ஐந்து பிள்ளைகளைப் பற்றி மட்டும், கண்ணால் பார்த்த ஒன்றை இரண்டு வரியில் எழுத வேண்டும். 'பொறுப்பானவர்' என்று எழுதக் கூடாது, என்ன செய்தார் என்று எழுத வேண்டும். எத்தனை பேர் எழுதுவார்கள் என்று பார்ப்போம், ஏற்கெனவே முணுமுணுப்பு.

மூன்றாம்பெஞ்ச் தம்பிக்கு ஒரு செய்தி. அலமாரிச் சாவியை வகுப்பிலேயே அதிகம் பேசாத ஒரு பெண்ணிடம் கொடுத்தேன். முதல் வாரம் முடிந்து நோட்டைக் கொண்டு வந்து காட்டினாள். இரண்டு பீக்கர் கணக்கில் வரவில்லையாம். நான் செயல்விளக்கத்துக்கு எடுத்துப் போய் என் மேசையிலேயே வைத்திருந்தவை. எடுத்தவர் என்ற இடத்தில் என் பெயரை எழுதிவிட்டு, கையெழுத்துக்குப் பேனாவை நீட்டிக்கொண்டு நின்றாள்.